ஜும்ஆ உரை: பட்டம் வாங்கிய பிள்ளைகளும் பாக்கி நிற்கும் கல்விக் கடனும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! பெரியோர்களே! இன்றைக்கு முக்கியமாக முன் வரிசையிலும் வாசல் ஓரத்திலும் உட்கார்ந்திருக்கிற இளைஞர்களே! இணையத்தில் இந்த உரையைப் படிக்கிற சகோதர சகோதரிகளே! 

இந்த மாதங்களில் நம் மாவட்டத்தின் கல்லூரிகளிலிருந்து பிள்ளைகள் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். விருதுநகர், சிவகாசி, கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம், அருப்புக்கோட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லூரி. அத்தா பட்டாசு ஆபீஸில் வேலை, அம்மா வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் உருட்டுகிறார், பிள்ளை பொறியாளர். இந்தக் காட்சி நம் ஊரில் சாதாரணம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் பட்டச் சான்றிதழுக்குப் பின்னால் பல வீடுகளில் வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் ஒன்று பீரோவுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பிள்ளையின் கையெழுத்தோடு பெற்றோரின் கையெழுத்தும் இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இது மிம்பரில் பேசுகிற விஷயமா என்று சிலர் நினைக்கலாம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதோ ஹஜ்ஜைப் பற்றியதோ அல்ல. கடனைப் பற்றியது. அத்தியாயம் 2, வசனம் 282. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையாதீர்கள் என்று அல்லாஹ் அங்கே விரிவாகச் சொல்லிக் கொடுக்கிறான். இவ்வளவு நுணுக்கமாக அவன் பேசிய ஒன்றை நாம் மிம்பரில் பேசக் கூச வேண்டியதில்லை.

முதலில் மார்க்கச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பெரிய குழப்பம் இருக்கிறது. வட்டி ஹராம். அதை வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சி சொல்பவர் எல்லோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பது முஸ்லிமில் பதிவான ஹதீஸ். கல்விக் கடன் என்று பெயர் வைத்ததால் வட்டி வேறொன்றாக மாறிவிடாது. ஆகவே இந்த ஆண்டு பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிற பெற்றோர்கள் முதலில் உறவில் கேளுங்கள், ஜமாஅத்தில் கேளுங்கள், உதவித்தொகை இருக்கிறதா என்று பாருங்கள், நன்கொடை கேட்கும் கல்லூரியை விட்டு அரசுக் கல்லூரியைத் தேடுங்கள். கவுரவத்துக்காகக் கடன் வாங்கிப் படிக்க வைப்பதை என்னால் ஒருபோதும் ஆதரிக்க முடியாது.

ஆனால் ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? இங்கே சில இளைஞர்கள் ஒரு விசித்திரமான வாதத்தை வைக்கிறார்கள். "வட்டி ஹராம் ஹஜ்ரத், அதனால் நான் கட்ட மாட்டேன்" என்கிறார்கள். தம்பி, கல்லூரிக்குக் கட்டும்போது இனித்த பணம் திருப்பிக் கட்டும்போது ஹராம் ஆகிவிட்டதா? அசல் தொகை உன் கழுத்தில் கிடக்கிற அமானிதம். அது பொதுமக்கள் போட்டு வைத்த பணம். நீ கட்டாமல் தள்ளிப் போடுகிற ஒவ்வொரு மாதமும் எந்த வட்டியை வெறுப்பதாகச் சொல்கிறாயோ அந்த வட்டிதான் வளர்கிறது. வட்டியை உண்மையாக வெறுப்பவர் அந்த ஒப்பந்தத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடிப்பார். செய்ததற்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்வார், இனி அந்த வாசலுக்குப் போவதில்லை என்று உறுதி எடுப்பார், பிறகு கணக்கைத் தீர்க்க உட்காருவார்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு வட்டியும் பிரச்சினையில்லை, அசலும் பிரச்சினையில்லை. தேர்தல் வரட்டும், தள்ளுபடி வரும் என்று காத்திருக்கிறார்கள். விவசாயக் கடன், நகைக் கடன் என்று நம் மாநிலத்தில் தள்ளுபடிகள் நடந்ததைப் பார்த்து இந்த நம்பிக்கை வந்திருக்கிறது. அரசாங்கம் தள்ளுபடி செய்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அது வேறு. ஆனால் அது வரும் என்று நம்பிக் கட்டாமல் இருப்பது எந்த வகை? புகாரியில் 2387-வது ஹதீஸைப் பாருங்கள். திருப்பித் தரும் எண்ணத்தோடு மக்களின் பொருளை வாங்குபவருக்காக அல்லாஹ் அதை நிறைவேற்றித் தருகிறான், அழிக்கும் எண்ணத்தோடு வாங்குபவரை அல்லாஹ் அழித்துவிடுகிறான் என்று அதில் வருகிறது. எண்ணம் எப்படி இருந்தது என்பதைத்தான் அங்கே முதலில் பார்க்கிறார்கள்.

சரி, இப்போது காகிதத்தை எடுங்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று கல்விக் கடன் திட்டத்தில் இருக்கிறது. இதை நம் பிள்ளைகள் "அஞ்சு வருஷம் ஃப்ரீ" என்று புரிந்து வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ இல்லை. அந்தக் காலம் முழுக்கத் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் வாங்கியதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000. இரண்டாவதுக்கு 40,000. மூன்றாவதுக்கு 30,000. நான்காவதுக்கு 20,000. மொத்தம் 1,40,000. தவணை தொடங்கும் நாளில் இது அசலோடு சேர்ந்துவிடும். நீங்கள் வாங்கியது 4 லட்சம், தலையில் இருப்பது 5,40,000.

இதை 15 ஆண்டில் கட்டுகிறேன் என்றால் மாதத் தவணை சுமார் 5,800 ரூபாய். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் முதல் மாதத் தவணையில் 4,500 ரூபாய் வட்டிக்குப் போய்விடும், அசலில் குறைவது 1,300 ரூபாய்தான். 15 ஆண்டு முடிவில் நீங்கள் கட்டியிருப்பது ஏறத்தாழ பத்தரை லட்சத்தை நெருங்கும் தொகை. துல்லியமாகச் சொன்னால் சுமார் 10,44,000. அதே கடனை 5 ஆண்டில் முடித்தால் மாதம் சுமார் 11,500 ரூபாய், மொத்தம் 6,88,000 அளவில் முடிந்துவிடும். வித்தியாசம் மூன்றரை லட்சம். அந்தப் பணம் ஒரு வீட்டின் நிக்காஹ் செலவு, அல்லது உம்ராவுக்கு அத்தாவையும் அம்மாவையும் அனுப்புகிற செலவு.

5 ஆண்டில் முடிக்க எல்லோராலும் முடியாது, தெரியும். கைக்கு 15,000 வருகிற பிள்ளை 11,500 எப்படிக் கட்டுவான்? அவனுக்கு ஒரு வழி சொல்கிறேன். தவணையைச் சிறியதாகவே வைத்துக்கொள். ஆனால் கையில் காசு வரும்போதெல்லாம் முன்கூட்டியே கொஞ்சம் அசலில் கட்டு. கல்விக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. கட்டும்போது கிளையில் போய், "இதை அசலில் வரவு வையுங்கள், தவணைக் காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடு. சொல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக எடுத்துக்கொள்வதும் உண்டு. தீபாவளி போனஸ் வருகிற ஊர் இது. அத்தாவுக்கு வருகிற போனஸ், அச்சாபீஸில் காலண்டர் சீசனில் வருகிற ஓவர்டைம் காசு, இதில் பாதியை அசலில் போட்டால் ஆண்டுகள் குறையும்.

படிப்பு முடித்து இன்னும் ஓராண்டு ஆகாதவர்களே, உங்களுக்குத்தான் இதில் அதிக லாபம். தவணை தொடங்கவில்லை என்று சும்மா இருக்காதீர்கள். இந்த ஓராண்டில் கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் அசலோடு சேரப் போகிற வட்டியைத் தடுக்கிறது.

இன்னொன்று. மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்விப் படிப்பு என்றால், படிப்புக் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்குமான வட்டியை அரசே வங்கிக்குச் செலுத்தும். கல்லூரியின் அங்கீகாரம், கடன் தொகை என்று நிபந்தனைகள் உண்டு, நடுவில் படிப்பை விட்டால் கிடைக்காது. நம் வீடுகளில் பெரும்பாலானவை இந்த வருமான வரம்புக்குள்தான் வரும். ஆனால் தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழைக் கொடுக்காததாலும், கிளையில் யாரும் கேட்காததாலும் விட்டுப்போனவர்கள் இருக்கலாம். வங்கிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கணக்கில் மானியம் வரவானதா?" கடன் கணக்கின் ஸ்டேட்மெண்ட்டைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்று அல்லாஹ் சொன்னது எழுதியதைப் பிறகு படிப்பதற்கும்தானே.

இப்போது வேலை கிடைக்காதவர்களின் விஷயம். இதுதான் கனமானது.

நம் ஊர்த் தொழில்களின் நிலைமை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து பேரியத்துக்குத் தடை விழுந்த பிறகு சிவகாசியில் பட்டாசு ஆபீஸ்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2020-ல் கொரோனா. மழை பெய்தால் காய வைக்க முடியாது, வேலை நிற்கும். தீபாவளி முடிந்தால் கொஞ்ச நாள் வேலை இருக்காது. இப்படிப்பட்ட வருமானத்தை நம்பி அத்தா கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை. வங்கியிலிருந்து ஃபோன் வருகிறது. பிள்ளை எடுப்பதில்லை. எண்ணையே மாற்றிவிடுகிறான்.

தம்பி, அங்கேதான் தவறு தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகக் கடனைப் பற்றிப் பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, மனிதன் கடன்பட்டால் பேசும்போது பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மீறுகிறான் என்று விளக்கம் சொன்னார்கள் (புகாரி 2397). பாருங்கள், கடன் காசைக் குறைக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. அது மனிதனின் நாக்கைக் கெடுக்கிறது என்றார்கள். "அடுத்த வாரம் கட்டுறேன் சார்", "வெளியூர்ல இருக்கேன் சார்". வீட்டுக்குள் இருந்துகொண்டே அம்மாவை விட்டு "அவன் இல்லை" என்று சொல்லச் சொல்வது. அந்த அம்மா ஐந்து வேளை தொழுகிறவர். அவர் வாயில் பொய்யை வைத்தது யார்?

தலைமறைவாவதற்குப் பதிலாக வங்கிக்குப் போ. 90 நாள் தவணை தவறினால் கணக்கு வாராக் கடன் பட்டியலுக்குப் போய்விடும். அதற்கு முன்பே போ. வேலை இல்லாத காலத்துக்கு அவகாசம் கேட்கவும், தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்கவும் கல்விக் கடன் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. வேலை தேடுவதற்கான ஆதாரத்தோடு ஒரு மனு எழுதிக் கொடு, நகலில் முத்திரை வாங்கிக்கொள். முழுத் தவணை முடியாவிட்டால் 500 ரூபாயாவது கட்டிவிட்டு வா. இவன் ஓடவில்லை என்பதற்கு அது சாட்சி. அவகாசம் கிடைத்தாலும் அந்தக் காலத்துக்கு வட்டி நிற்காது என்பதை மறக்காதே. 2020-ல் கொரோனாவுக்காக ஆறு மாதம் தவணை நிறுத்தி வைத்தபோதும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நீ கட்டாவிட்டால் உன் பெயர் மட்டும் கெடுவதில்லை. 300-லிருந்து 900 வரை சிபில் மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறதே, கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அத்தாவின் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். நாளைக்கு அவர் ஏதாவது அவசரத்துக்கு வங்கி வாசலில் நின்றால் உன் கடனைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். உன் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகவே பார்க்கலாம். கட்டி முடித்த பிறகு "பாக்கி இல்லை" என்ற சான்றிதழை வாங்கி, அறிக்கையிலும் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்.

வசூலுக்கு வருபவர்களுக்கும் எல்லை உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன்தாரரை அழைத்து நெருக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லி அவமானப்படுத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவு போட்டது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? 2016-ல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி, கல்விக் கடன் வசூல் நெருக்கடி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. நமக்கு ஒன்றரை மணி நேரப் பயணத் தூரம். அந்தப் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். தற்கொலை ஹராம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு என்னால் இறங்கிவிட முடியாது. இந்த வரிசைகளில் உட்கார்ந்திருக்கிற யாருடைய நெஞ்சிலாவது அப்படி ஒரு பாரம் இருந்தால், தொழுகை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். இரவு பன்னிரண்டு மணியானாலும் கதவைத் தட்டுங்கள். எந்தக் கடனும் ஒரு உயிரின் விலை அல்ல. கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுங்கள் என்று கடன் கொடுத்தவரைப் பார்த்து அல்லாஹ்வே சொல்கிறான் (2:280). படைத்தவனே உனக்காக அவகாசம் கேட்டிருக்கும்போது நீ ஏன் அவசரப்படுகிறாய்?

நபி (ஸல்) அவர்களிடமே ஒருவர் கடனைக் கேட்டுக் கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர் மீது பாயப் போனார்கள். விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேசவும் இடம் உண்டு என்று தடுத்தார்கள். அவர் கொடுத்த ஒட்டகத்தைவிட நல்ல ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் (புகாரி 2306). கடன் வாங்கியவர் கேட்பவரிடம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அது பாடம். வங்கி ஊழியரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற மனிதர்தான். அவர் ஃபோன் செய்தால் சத்தம் போட்டு என்ன ஆகப் போகிறது?

தவணை நாள் என்றால் என்ன என்பதற்கு ஒரு சம்பவம். பனூ இஸ்ராயீலில் ஒருவர் 1,000 தீனார் கடன் வாங்கினார். சாட்சி கேட்டபோது அல்லாஹ் சாட்சி என்றார், ஜாமீன் கேட்டபோது அல்லாஹ் ஜாமீன் என்றார். கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனார். தவணை நாள் நெருங்கியது, திரும்பி வரக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரு மரக்கட்டையைக் குடைந்து உள்ளே 1,000 தீனாரையும் ஒரு கடிதத்தையும் வைத்து மூடி, யா அல்லாஹ் உன்னை நம்பித்தான் வாங்கினேன் என்று முறையிட்டு அதைக் கடலில் விட்டார். அந்தப் பக்கம் கடன் கொடுத்தவர் கப்பல் வருகிறதா என்று பார்க்கக் கரைக்கு வந்தார், கட்டை ஒதுங்கியிருந்தது, விறகுக்கு எடுத்துப் போய்ப் பிளந்தார், பணம் இருந்தது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கடன் வாங்கியவர் கப்பல் கிடைத்ததும் இன்னொரு 1,000 தீனாரோடு வந்து நின்றார் (புகாரி 2291). கட்டையை விட்டாச்சு, என் கடமை முடிந்தது என்று அவர் உட்காரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று நேரில் வந்து உறுதி செய்தார்.

நம் பிள்ளைகள் தானியங்கித் தவணை போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். 5-ஆம் தேதி தவணை எடுக்கப்படும், சம்பளம் 7-ஆம் தேதி வரும். ஒவ்வொரு மாதமும் கணக்கில் காசில்லாமல் திரும்புகிறது, ஒவ்வொரு முறைக்கும் வங்கி ஒரு கட்டணமும் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் போடுகிறது. கடன் கணக்கில் தாமதத்துக்குத் தனி அபராதம். வங்கியில் தவணைத் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாலே தீரக்கூடிய விஷயம் இது.

வங்கிக் கணக்கு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் சேரும்போது ஜீரோ பேலன்ஸ் என்று ஒரு கணக்கு, உதவித்தொகைக்கு ஒன்று, முதல் கம்பெனியில் சம்பளக் கணக்கு ஒன்று என்று மூன்று நான்கு கணக்குகள் கிடக்கும். சம்பளம் வருவது நின்று சில மாதம் ஆனால் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காகிவிடும், குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டி வரும். ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கி, இந்தியன் வங்கி போன்றவை 2025-லும் இந்த அபராதத்தை எடுத்துவிட்டன. தனியார் வங்கிகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. அபராதம் போட்டே கணக்கை மைனஸுக்குக் கொண்டு போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. யாராவது மைனஸ் காட்டிப் பணம் கேட்டால் அந்த விதியைச் சொல்லுங்கள். தேவையில்லாத கணக்கை மூடிவிடுங்கள். இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் கணக்கு செயலிழந்துவிடும், பத்து ஆண்டு போனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வங்கியில் சொல்லிக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டம். சேமிப்புக் கணக்கில் விழுகிற வட்டியை நன்மையை எதிர்பார்க்காமல் கஷ்டப்படுகிறவருக்குக் கொடுத்து அகற்றிவிடுங்கள், சொந்தச் செலவுக்கு எடுக்காதீர்கள்.

இளைஞர்களே, ஒரு எச்சரிக்கை. "உன் பழைய கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாசம் இவ்வளவு தர்றோம்" என்று சமூக வலைத்தளங்களில் ஆள் பிடிக்கிறார்கள். அது மோசடிக்காரர்கள் அடுத்தவர் பணத்தைச் சுருட்டிக் கடத்துகிற பாதை. பணத்தை இழந்தவர் 1930-க்கு ஃபோன் செய்ததும் போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் யார் நம்புவார்? மறுமையிலும் அதே கேள்விதான். அதேபோல் ஃபோனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற செயலிகள். கல்விக் கடன் தவணை கட்ட அதில் 5,000 எடுப்பது, அதை அடைக்க இன்னொன்றில் 8,000 எடுப்பது. நம் பட்டாசு ஆபீஸில் மருந்து அறைக்கு ஒரு விதி இருக்கிறதே, அன்றைய வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் மருந்து உள்ளே இருக்கக்கூடாது என்று. ஏன் என்று உங்களில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு அறைக்குள் இரண்டு மூன்று கடனைக் குவித்து வைக்கிறவருக்கும் அதே கதிதான்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரிக் கட்டணத்துக்காக ஆபீஸில் அட்வான்ஸ் வாங்கி, அது தீரும் வரை வேறு இடம் போக முடியாமல் வேலை பார்க்கிறவர்கள் உங்களில் உண்டு. அந்த அட்வான்ஸையும் வங்கிக் கடனையும் பிள்ளைக்குச் சொல்லாமல் மறைக்காதீர்கள். அவன் சங்கடப்படுவான் என்று நினைக்கிறீர்கள். அவன் முதல் சம்பளத்தில் 20,000 ரூபாய் ஃபோனைத் தவணையில் எடுத்த பிறகு சொல்லி என்ன பயன்? உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் கிடந்தபோது மகன் அப்துல்லாஹ்வைக் கூப்பிட்டு, என் மீது எவ்வளவு கடன் இருக்கிறது பார் என்றார்கள். கணக்குப் பார்த்தபோது சுமார் 86,000 இருந்தது. எங்கள் குடும்பத்துச் செல்வம் போதுமானால் அதிலிருந்து கொடு, போதாவிட்டால் பனூ அதீ குலத்தாரிடம் கேள், அதுவும் போதாவிட்டால் குறைஷிகளிடம் கேள் என்று வழிகாட்டினார்கள் (புகாரி 3700). ஆட்சித் தலைவர் மகனிடம் கடனைத் தொகையோடு சொன்னார். நமக்கு என்ன கூச்சம்?

அந்தச் சம்பவத்தில் இன்னொன்றும் இருக்கிறது: குலத்தாரிடம் கேள் என்றது. ஒருவர் கடன் அவர் தலைவலி மட்டும் என்று அந்தச் சமுதாயம் இருக்கவில்லை. கடனோடு ஒரு ஜனாஸா வந்தபோது நபி (ஸல்) அவர்கள் தாம் தொழ வைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். 3 தீனார்தான் கடன். அபூகதாதா (ரலி) எழுந்து, அது என் பொறுப்பு அல்லாஹ்வின் தூதரே என்றார். பிறகுதான் தொழ வைத்தார்கள் (புகாரி 2289). நாம் இந்த ஹதீஸைக் கடன்காரரை மிரட்டச் சொல்கிறோம். அபூகதாதாவைப் பற்றி யார் பேசுகிறோம்? பழ வியாபாரத்தில் நஷ்டப்பட்டுக் கடன் பெருகிய ஒருவருக்காக, இவருக்கு தர்மம் கொடுங்கள் என்று நபியவர்களே மக்களிடம் சொன்ன செய்தி முஸ்லிமில் இருக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடன்பட்டோர் ஒரு பிரிவு (9:60). ரமளானில் சேலையும் அரிசியும் கொடுத்து ஜகாத்தை முடித்துவிடுகிற நம் செல்வந்தர்கள் இந்தப் பிரிவை ஏன் மறந்தார்கள்? வேலை இல்லாமல் வட்டிக் கடனில் தவிக்கிற ஒரு பட்டதாரியின் கடனைத் தீர்த்தால் ஒரு குடும்பமே மேலே வரும், அடுத்த ஆண்டு அவனே ஜகாத் கொடுக்கிறவனாகலாம்.

அதனால் ஜமாஅத் நிர்வாகத்தின் முன்னால் இதை வைக்கிறேன். இந்த ஆண்டு ஜகாத் வசூலில் ஒரு பகுதியைக் கல்விக் கடனில் சிக்கியவர்களுக்கு ஒதுக்குங்கள். வசதியுள்ளவர்கள் திருப்பி வாங்கிக்கொள்ளும் நிபந்தனையோடு வட்டியில்லாக் கடனாக ஒரு தொகை தாருங்கள். அதைக் கொண்டு ஒருவரின் வங்கிக் கடனை அடைத்துவிட்டு, அவர் மாதாமாதம் ஜமாஅத்துக்குத் திருப்பிக் கட்டட்டும். வந்த பணத்தில் அடுத்தவர் கடனை அடைக்கலாம். எல்லாம் எழுத்தில், இரண்டு சாட்சியோடு. உள்ளூர்க்காரர் தானே என்று வாய்வார்த்தையில் விட வேண்டாம்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி அலுவலகத்தில் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற இரண்டு பெரியவர்கள் உட்காருவார்கள். கல்விக் கடன் உள்ளவர்கள் கடன் அனுமதிக் கடிதம், கடைசி ஓராண்டு ஸ்டேட்மெண்ட், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வாருங்கள். பெண் பிள்ளைகள் அத்தாவோடோ அம்மாவோடோ வரலாம், தனி இடம் ஏற்பாடு செய்திருக்கிறது. பெயரும் தொகையும் வெளியே போகாது. கடிதம் கையில் இல்லாதவர்கள் திங்கட்கிழமை கிளைக்குப் போய் நகல் கேட்டு வாங்கிவிட்டு அடுத்த வெள்ளி வாருங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு. இகாமத் சொல்லுங்கள், ஸஃப்புகளை நேராக்கிக்கொள்ளுங்கள்.